ஆடுதன் ஒன்பது

பிப்ரவரி 9, திங்கள்

காலை: இட்லி மூன்று, சாம்பாரில் ஊறவைத்து. மதியம்: குழைந்த சோறு, ரசம், அவரைக்காய்ப் பொரியல். பொரியலைத் தொடவில்லை. மாலை: காப்பி, ரஸ்க் ஒன்று.

இப்படி எழுதி வைக்கச் சொன்னது பெனிட்டா. எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பிள்ளை. எழுதாமலே எனக்கு எல்லாம் நினைவிருக்கும் என்றேன். "எனக்கு இருக்காதே ஆச்சி, நான் நாலு வீட்டுக்குப் போறேன்லா" என்றாள். அது நியாயம். மருந்துக்கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும்.

அவுகளுக்குப் பொங்கல் முடிந்த வாரம் வலது கையும் காலும் விழுந்தது. கால் கொஞ்சம் திரும்பிவிட்டது. பிடித்துக்கொண்டால் பாத்ரூம் வரை நடக்கிறாக. பேச்சு திரும்பவில்லை. ஒரே ஒரு சொல் மிச்சம் இருக்கிறது: சரி. காப்பி வேணுமா, சரி. வேண்டாமா, சரி. பெனிட்டா பேனாவைக் காட்டி இது சீப்பா என்றாள், சரி. தாத்தா நீங்க பொம்பளையா என்றாள், அதற்கும் சரி.

கல்யாணமாகி ஐம்பத்தோரு வருஷத்தில் நான் சொன்னது எதற்கும் அவுக சரி என்று சொன்னதில்லை. மொத்தமாகச் சேர்த்து வைத்திருந்தாக போல.

பிப்ரவரி 11, புதன்

காலை: தோசை இரண்டு. மதியம்: சோறு, பருப்பு, புடலங்காய்ப் பொரியல். பொரியல் அப்படியே இருந்தது.

கல்யாணமான புதிதில், "எங்க அம்மை வைக்கிற மாதிரி இல்ல" என்று என் பொரியலைத் தள்ளி வைத்தாக. வெண்டைக்காய். வெள்ளிக்கிழமை. எனக்கு மறக்கவில்லை. வாய் போன பிறகும் அந்தத் திமிர் போகவில்லை.

செண்பகராமன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். எனக்கு இருக்கிற ஒரே மகன், நல்லவன்தான். ஆனால் எதையும் ஆபீஸ் காரியம் மாதிரி பேசுவான்.

"அம்மா, அப்பாவுக்கு எதுவும் புரியலைன்னு நீயே சொல்லுத. உன்னால தூக்கிப் பாக்க முடியாது. இங்க எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு இல்லம் இருக்கு, நர்ஸ் எல்லாம் உண்டு. அப்பா அங்க இருக்கட்டும். நீ எங்க கூட இரு. பெருமாள்புரம் வீட்டைக் கொடுத்திரலாம்."

"அவுகளை விட்டுட்டு நான் உன் வீட்டுல இருக்கணுமா?"

"தினமும் போய்ப் பாத்துக்கலாம்மா. இல்ல, நீ வீட்டை விட மாட்டேன்னா, அப்பாவை மட்டுமாவது நான் கூட்டிட்டுப் போறேன்."

வீட்டைப் பிடித்தால் அவுக போகணும். அவுகளைப் பிடித்தால் வீடு போகணும், பிடித்த பிறகும் பார்க்கும் நேரம் போட்டிருக்கிற இடத்தில் போய்ப் பார்க்கணும். ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு காரோடு வருகிறானாம். "அப்பாவுக்குப் புரியுதுன்னா சொல்லு, அப்ப வேற யோசிப்போம்" என்றான்.

எதற்கெடுத்தாலும் சரி என்கிற மனுஷருக்குப் புரிகிறது என்று எப்படி நிரூபிக்க.

பிப்ரவரி 12, வியாழன்

காலை: இடியாப்பம். மதியம்: சோறு, மோர்க்குழம்பு.

பீரோவில் போர்வை தேடும்போது சீட்டுக்கட்டு அகப்பட்டது.

சிமென்ட் ஆலை குவார்ட்டர்ஸில் இருந்தபோது கிளப்பில் பிரிட்ஜ் என்கிற சீட்டாட்டம் ஆடுவாக. ஒருநாள் நாலாவது கைக்கு ஆள் வரவில்லை. "சும்மா உக்காரு, நான் சொல்லுததைப் போடு" என்று என்னை உட்கார வைத்தாக. பத்து நாளில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. இறங்கின சீட்டு எனக்கு மறக்காது. ஐம்பத்திரண்டு சீட்டுதானே. ஒரு தெருவில் அதைவிட அதிகமாக ஆட்கள் இருக்கிறார்கள், அத்தனை பேர் செய்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு இருபது வருஷம் அவுகளும் நானும் ஒரு ஜோடி. எதிரெதிரே உட்கார்ந்து ஆடணும், பேசக்கூடாது. போடுகிற சீட்டை வைத்துத்தான் அவுக மனசு எனக்குத் தெரியணும், என் மனசு அவுகளுக்குத் தெரியணும். வீட்டில் பேசினதைவிட அதில் பேசினதுதான் அதிகம்.

நாளைக்குச் சீட்டை வைத்துப் பார்க்கப் போகிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

காலை: இட்லி. மதியம்: சோறு, கீரை, உருளைக்கிழங்குப் பொரியல். கீரை மட்டும் சாப்பிட்டாக.

ஒற்றைக் கையால் பதின்மூன்று சீட்டைப் பிடிக்க முடியாது. துணி துவைக்கிற பிரஷ் புதிது ஒன்று இருந்தது. முடியை மேலே பார்க்க வைத்து, அதற்குள் சீட்டைச் சொருகினால் விசிறி மாதிரி நிற்கிறது. இடமிருந்து வலமாக இஸ்பேடு, ஆடுதன் (கிளப்பில் ஹார்ட்ஸ் என்பார்கள்), கிளாவர், டைமண்ட் என்று அடுக்கி அவுக முன்னால் வைத்தேன்.

சீட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் இஸ்பேடு போட்டேன், இஸ்பேடு போட்டாக. ஆடுதன் போட்டேன், ஆடுதன் போட்டாக. பிறகு டைமண்ட் போட்டேன். கையில் நாலு டைமண்ட் வைத்துக்கொண்டு இஸ்பேடைப் போட்டாக. கிளாவர் போட்டேன், ஆடுதனைப் போட்டாக. வைத்திருக்கிற இனத்தைப் போடாமல் வேறு போடுவது பச்சைப் பிள்ளை செய்கிற தப்பு. கிளப்பில் எவனாவது அப்படிச் செய்தால் அவுக எழுந்தே போய்விடுவாக.

"உங்ககிட்ட டைமண்ட் இருக்குல்லா?" என்றேன்.

"சரி."

சீட்டை எடுத்து வைத்துவிட்டேன். சாயங்காலம் வெங்காயம் நறுக்கினேன், அதிகமாகவே.

பிப்ரவரி 15, ஞாயிறு

ரமணி வந்திருந்தார். ஆலையில் கெமிஸ்டாக இருந்த வெங்கடரமணி. இப்போது பாளையங்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். பிஸ்கட், ஆரஞ்சுப் பழம்.

"ஓய் ஆவுடை, என்னங்காணும் இது, கட்டில்ல படுத்துண்டு" என்றார். அவுக "சரி" என்றாக. ரமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

காப்பி கொடுத்தேன். சர்க்கரை கொஞ்சம் குறைத்துத்தான் போட்டேன். காரணம் உண்டு.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஆலை ஆண்டுவிழா. கடைசி ஆட்டம். ரமணியும் அவர் வீட்டம்மா பாமாவும் ஒரு ஜோடி. நாலு பேரும் ஆளுக்கு ஒரு சீட்டு போட்டால் அது ஒரு பிடி, பெரிய சீட்டு போட்டவருக்கு. துருப்பு கிடையாது, பதின்மூன்று பிடியில் பன்னிரண்டு எடுக்கிறேன் என்று ரமணி கேட்டிருந்தார். பாமா கையை மேஜையில் விரித்து வைத்தாயிற்று. அதைத்தான் டம்மி என்பது. டம்மியையும் தன் கையையும் ரமணியே ஆடுவார். அவுக முதல் பிடியை டைமண்ட் ஏஸால் எடுத்தாக. இன்னும் ஒரே ஒரு பிடி எடுத்தால் நாங்கள் ஜெயித்தோம்.

கடைசியில் ஆளுக்கு நாலு சீட்டு. என்னிடம் ஆடுதனில் ராணி, ஜாக்கி, ஒன்பது, அதோடு கிளாவர் ஜாக்கி. டம்மியில் ஆடுதன் ஏஸ், ராஜா, பத்து, அதோடு உதவாத சீட்டு ஒன்று. ரமணி கையில் கிளாவர் பத்து இருக்கிறது, அது எனக்குத் தெரியும். ரமணி தன் கடைசி இஸ்பேடைப் போட்டார். என்னிடம் இஸ்பேடு இல்லை, எதையாவது கழிக்கணும். கிளாவர் ஜாக்கியைக் கழித்தால் அவருடைய கிளாவர் பத்து பெரிய சீட்டாகிவிடும். ஆடுதனில் ஒன்றைக் கழித்தால் டம்மியின் ஆடுதன் பத்து பெரிதாகிவிடும். இதற்கு அவர்கள் ஸ்க்வீஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிழிவது. துணியைப் பிழிகிற மாதிரி ஆளைப் பிழிவது.

ஆடுதன் ஒன்பதைக் கழித்தேன். ஆடுதன் பத்து பிடித்தது. தோற்றோம்.

அவுக அத்தனை பேர் முன்னாலும், "ஒம்பதை எதுக்குளா எறிஞ்ச? கூறுகெட்டவளே" என்றாக. ரமணி சிரித்தார். பாமாகூடச் சிரிக்கவில்லை, அவர் சிரித்தார்.

எதை எறிந்தாலும் தோற்றிருப்போம். அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை. அவுகளும் கேட்கவில்லை. இத்தனை வருஷமாகக் கேட்கவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

காலை: உப்புமா. மதியம் நடந்ததைப் பிறகு எழுதுகிறேன்.

பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். கை பாட்டுக்குக் கை விளக்கும், மனசு பாட்டுக்கு மனசு வெள்ளிக்கிழமைச் சீட்டை ஆடிக்கொண்டிருந்தது. அவுக ஒழுங்காகப் போட்டது இஸ்பேடும் ஆடுதனும். தப்பாகப் போட்டது கிளாவருக்கும் டைமண்டுக்கும். புத்தி போன ஆள் என்றால் எல்லாவற்றிலும் தப்பு வரணும். இது ஏன் இரண்டு இனத்தில் மட்டும்?

பிரஷில் கிளாவரும் டைமண்டும் வலது பக்கம்.

கை கழுவாமலே போய்ச் சீட்டை எடுத்தேன். டைமண்டையும் கிளாவரையும் இடது பக்கம் சொருகினேன், ஆடுதனை அடுத்து, இஸ்பேடை வலது ஓரத்தில். டைமண்ட் போட்டேன், டைமண்ட் போட்டாக. கிளாவர் போட்டேன், கிளாவர் போட்டாக. இஸ்பேடு போட்டேன். வலது ஓரத்தில் ஐந்து இஸ்பேடு நிற்கிறது. அவுக இடது பக்கம் முழுக்கத் தேடிவிட்டு, இஸ்பேடு இல்லை என்கிற தீர்மானத்தோடு ஒரு சின்ன டைமண்டைக் கழித்தாக. சின்னதாகப் பார்த்து. இல்லாதபோது எப்படிக் கழிக்கணுமோ அப்படி.

மதியம் சோறு போட்டேன். பொரியல் வலது பக்கம். எப்போதும் அங்கேதான் வைப்பேன். சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளப் போனாக. தட்டை அப்படியே அரை வட்டம் திருப்பினேன். பொரியல் இடது பக்கம் வந்தது. அவுக என்னைப் பார்த்த பார்வை, இத்தனை நாள் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்கிற மாதிரி. முழுக்கச் சாப்பிட்டாக. பீன்ஸ்.

வெண்டைக்காய் விஷயம் அப்படியேதான் இருக்கிறது. அவரை, புடலை, உருளைக்கிழங்கு மூன்றையும் கணக்கிலிருந்து தள்ளிவிட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

காலை: இட்லி நாலு. நாலு.

பெனிட்டாவிடம் சொன்னேன். அவள் விரலை அவுக முகத்துக்கு முன்னால் இடமிருந்து வலமாக நகர்த்தினாள். மூக்குக்கு நேரே தாண்டியதும் அவுக பார்வை நின்றுவிட்டது.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு ஆச்சி. பாத்தது மூளைக்குப் போற வழியில வலது பக்கம் அடைச்சிருக்கு. அப்படி ஒரு பக்கம் இருக்குன்னே தாத்தாவுக்குத் தெரியாது. கண் டாக்டர்ட்ட திங்கக்கிழமை நேரம் கேட்டிருக்கேன், அவங்க சொல்லட்டும். அது வரைக்கும் தலையை வலது பக்கம் திருப்பிப் பாக்கப் பழக்குவோம்."

"அப்ப புத்தி இருக்கா?"

"சீட்டு விளையாடுறாங்கல்லா. எனக்குத் தெரியாத விளையாட்டு அது."

அப்போதுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. வாய் எல்லாவற்றுக்கும் சரி என்கிறது. கை அப்படி இல்லை. ஒரு கறுப்புச் சீட்டையும் ஒரு சிவப்புச் சீட்டையும் அவுக இடது பக்கத்தில் வைத்தேன். "ஆமான்னா கறுப்பைத் தள்ளுங்க. இல்லன்னா சிவப்பு" என்றேன். இரண்டு மூன்று தடவை நானே தள்ளிக் காட்டினேன். முதலில் இரண்டையும் தள்ளினாக. பிறகு ஒன்றுமே தள்ளவில்லை.

பெனிட்டா பேனாவைக் காட்டினாள். "தாத்தா, இது சீப்பா?"

"சரி" என்றது வாய். கை ரொம்ப நேரம் கழித்துச் சிவப்பைத் தள்ளியது.

பெனிட்டா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

தலை திருப்பப் பழக்கம். வலது பக்கம் ரேடியோவை வைத்திருக்கிறேன்.

காப்பியா டீயா விளையாட்டு. பத்துக்கு எட்டு சரியாகத் தள்ளுகிறாக. மீதி இரண்டு குசும்பா என்று சந்தேகம்.

பிப்ரவரி 21, சனி

ரமணிக்குப் போன் போட்டேன். நாளைக்குச் சாப்பிட வரணும் என்றேன்.

"என்ன விசேஷம்?"

"ஒரு ஆட்டம் பாக்கி இருக்கு" என்றேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

காலையில் செண்பகராமன் வந்துவிட்டான். அப்பா காலடியில் உட்கார்ந்து, "அப்பா, எப்படி இருக்கீங்க" என்றான். "சரி" என்றாக. அவன் என்னைப் பார்த்தான். பார்த்தியா அம்மா என்கிற பார்வை. "சாப்பிட்டுட்டுப் பேசுவோம்ல" என்றேன்.

சாப்பாடு ஆனதும் மேஜையைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டேன். எண்பத்து மூன்றாம் வருஷத்துச் சீட்டை நாலு கைக்கும் பிரித்து வைத்தேன். அன்று எல்லாச் சீட்டும் இறங்கின, எல்லாம் எனக்குத் தெரியும். பாமா கையை விரித்து வைத்தேன். பாமா போய் ஆறு வருஷம் ஆகிறது. ரமணி அந்தப் பதின்மூன்று சீட்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் உலகம்மா, இன்னுமா இதை நினைச்சிண்டிருக்கேள்?"

"நீங்க சிரிச்சீங்கல்லா."

"நானா?"

"மேல்பல் தெரிய."

செண்பகராமன், "அம்மா, இதெல்லாம் அப்பாவால…" என்று ஆரம்பித்தான். "நீ பேசாம இரு" என்றேன்.

அன்று ஆடினபடியே ஆடணும் என்று சொன்னேன். அவுக டைமண்ட் ஏஸைப் போட்டாக. அடுத்து டைமண்ட் ராணி. நான் சொல்லவே இல்லை, அன்று போட்டது அதுதான். ரமணி ராஜாவால் எடுத்தார். கிளாவரில் மூன்று, இஸ்பேடில் நாலு. ஒவ்வொன்றுக்கும் அவுக தலையை வலது பக்கம் திருப்பிப் பார்த்து, இனம் தப்பாமல் போட்டாக. ரமணி கடைசி இஸ்பேடைப் போட்டார்.

என் நாலு சீட்டையும் மேஜையில் திறந்து வைத்தேன், அவுக இடது பக்கமாக.

"சொல்லுங்க. எதைக் கழிக்க?"

அவுக இடது கை கிளாவர் ஜாக்கி மேல் போனது. ரமணியின் கையைப் பார்த்தாக, நின்றது. ஆடுதன் ஒன்பது மேல் போனது. டம்மியைப் பார்த்தாக, நின்றது. திரும்ப ஜாக்கி. திரும்ப ஒன்பது. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. செண்பகராமன் மேஜைப் பக்கம் குனிந்துவிட்டான்.

பிறகு அந்தக் கை என் சீட்டை விட்டுவிட்டது. இறங்கின சீட்டுக் குவியலுக்குள் போய்த் துழாவியது. ஒன்றொன்றாக நகர்த்தி, டைமண்ட் ராணியை எடுத்தாக. அவுக இரண்டாவதாகப் போட்ட சீட்டு. அதைப் பிரஷ் பக்கம் திரும்ப வைத்துவிட்டு, பிரஷிலிருந்து ஒரு சின்ன ஆடுதனை உருவி, அந்த இடத்தில் போட்டாக.

எனக்கு அப்போதும் புரியவில்லை. ரமணிக்குத்தான் முதலில் புரிந்தது.

"அட" என்றார். "என் கையில ஆடுதன் ஒண்ணே ஒண்ணுதான். கடைசியில டம்மிக்குப் போறதுக்கு எனக்கு இருந்த வழி அது. இவன் ரெண்டாவது பிடியிலேயே ஆடுதன் போட்டிருந்தா அது அப்பவே போயிருக்கும். அப்புறம் டம்மியில பத்து இருந்தா என்ன, பன்னெண்டு இருந்தா என்ன? நான் அங்க போகவே முடியாதே. உங்களைப் பிழிஞ்சிருக்கவே முடியாது."

இத்தனை வருஷம் நான் கடைசி நாலு சீட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தப்பு இரண்டாவது சீட்டில் இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது, புத்தி இல்லை என்று இல்லத்துக்கு அனுப்ப இருந்த மனுஷர்.

செண்பகராமன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். கறுப்பு சிவப்பு விஷயத்தை அவனுக்குச் சொன்னேன். அவன் இரண்டு சீட்டையும் எடுத்து வைத்தான்.

"அப்பா, நீங்க பொம்பளையா?"

சிவப்பு. சீட்டைத் தள்ளின வேகத்தில் அது கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. ரமணி சிரித்தார். இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

அவன் குனிந்து சீட்டை எடுத்து வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டான். "பெங்களூர்ல ஒரு இல்லம் பாத்திருக்கேன். அங்க வர்றீங்களாப்பா?"

சிவப்பு.

"இங்கயே இருக்கீங்களா?"

கறுப்பு.

"அம்மாவுக்கு ஒத்தாசைக்குப் பகல்ல ஒரு ஆள் போட்டா, சம்மதமா?"

கறுப்பு.

அவன் அப்பா முழங்கால் மேல் முகத்தை வைத்துக்கொண்டான். நாற்பத்தெட்டு வயது. அவுக இடது கையால் அவன் தலையைத் தட்டிக்கொடுத்தாக.

ரமணி கிளம்பினார். வாசல்வரை போய் வழியனுப்பினேன். "அன்னைக்குச் சிரிச்சது தப்புதான், மன்னிச்சுக்கோங்கோ" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

செண்பகராமன் வேலைக்கு ஆள் விசாரிக்கத் தெருவுக்குப் போனான். நாங்கள் இரண்டு பேர்தான். நான் மேஜையில் உட்கார்ந்தேன். சீட்டு இரண்டும் அங்கேயே இருந்தது.

"ஒம்பதை எறிஞ்சது என் தப்பா?"

உடனே சிவப்பு.

"அப்ப உங்க தப்பா?"

ஜன்னலைப் பார்த்தாக. விட்டத்தைப் பார்த்தாக. பழக்கிவிட்டேன் அல்லவா, தலையை நன்றாகத் திருப்பி வலது பக்கம் ரேடியோவையும் பார்த்தாக.

"சரி" என்றாக.

"அது செல்லாது" என்றேன். "அது எல்லாத்துக்கும் வரும். சீட்டைத் தள்ளுங்க."

நான் எழுந்திருக்கவில்லை. வேலை நிறையக் கிடந்தது, எழுந்திருக்கவில்லை. கடைசியில் அந்தக் கை வந்தது. கறுப்பைத் தள்ளியது. தள்ளிவிட்டு அங்கேயே, என் கைப் பக்கத்தில், இருந்துவிட்டது.

பிப்ரவரி 23, திங்கள்

காலை: தோசை மூன்று. கண் டாக்டரைப் பார்த்தோம். பெனிட்டா சொன்னதையேதான் சொன்னார். பழகப் பழகச் சமாளித்துக்கொள்வாராம்.

பகல் வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டது. செண்பகராமன் காரை எடுத்துக்கொண்டு போனான், தனியாக.

மதியம்: சோறு, சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல். இடது பக்கம் வைத்தேன். முழுக்கச் சாப்பிட்டாக. நல்லா இருக்கா என்று கேட்டுச் சீட்டை வைத்தேன். கறுப்பு. "உங்க அம்மை வைக்கிறதை விடவா?" என்றேன்.

இரண்டு சீட்டையும் எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாக.